தாழ்ந்த வெப்பநிலையில் காந்தமின் விளைவை அளப்பது எப்படி: படிகம் அறுப்பது முதல் பொய் சிக்னலைக் கழிப்பது வரை

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஏப்ரல் மாத மத்தியானத்தில் ஆய்வகத்துக்குள் வெப்பமானி 38 டிகிரி காட்டும். அந்த நேரத்தில் அலமாரிக் குப்பியில் இருக்கும் பச்சைப் பொடி, குரோமியம் ஆக்சைடு, வெறும் பெயிண்ட் பொடிதான். அதன் அணுக்களில் இருக்கும் குட்டிக் காந்தங்கள் திசைக்கொன்றாக ஆடிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் 25 டிகிரிக்கு இறங்கியதும் அதே பொடியில் அந்தக் காந்தங்கள் ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று வரிசை கட்டி நிற்கும். வரிசை கட்டத் தொடங்கும் எல்லை சுமார் 307 கெல்வின், அதாவது 34 டிகிரி. பாலக்காட்டின் ஒரு பகலும் இரவும் போதும், ஒரு பொருள் தன் காந்த ஒழுங்கை இழந்து திரும்பப் பெறுவதற்கு. இதை முதன்முதலில் யோசித்துப் பார்த்த நாளில் எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

வரிசை கட்டிய பிறகு அந்தப் பொருளுக்கு ஒரு புதுக் குணம் வருகிறது. காந்தப்புலத்தில் வைத்தால் அதன் முகங்களில் மின்னூட்டம் தோன்றும். மின்புலத்தில் வைத்தால் அது லேசாகக் காந்தமாகும். இதுதான் காந்தமின் விளைவு.

சித்தூர் வட்டத்திலிருந்து வரும் எங்கள் மாணவர்களுக்கு வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம். முதுகலை ப்ராஜெக்டுக்காகப் பெரிய ஆய்வகங்களுக்குப் போகும்போது அவர்கள் கையில் தமிழில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும் என்று பல வருடமாக ஆசை. அதனால் எழுதுகிறேன். அளக்கும் வேலையில் பாதிதான் அளப்பது; மீதிப் பாதி, கிடைத்த சிக்னல் நாம் தேடியதுதானா என்று விடாமல் சந்தேகப்படுவது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் ஏதாவது ஒரு பொய் சிக்னலைத் தடுப்பதற்காகத்தான் இருக்கிறது.

எதைத் தேடுகிறோம்?

நேர்கோட்டுக் காந்தமின் விளைவு என்றால், மின்முனைவாக்கம் (பரப்பு அளவுக்கு முகங்களில் தோன்றும் மின்னூட்டம்) காந்தப்புலத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். அந்த விகித எண்ணுக்கு ஆல்ஃபா என்று பெயர். இது எல்லாப் படிகத்திலும் வராது. இரண்டு சமச்சீர்கள் உடைந்திருக்க வேண்டும்.

ஒன்று மையச் சமச்சீர். புள்ளிக் கோலத்தில் நடுப்புள்ளியிலிருந்து ஒரு பக்கம் எத்தனை புள்ளி தள்ளி ஒரு சுழி இருக்கிறதோ, நேர் எதிர்ப்பக்கமும் அத்தனை புள்ளி தள்ளி ஒரு சுழி இருந்தால் அந்தக் கோலத்துக்கு மையச் சமச்சீர் உண்டு. இரண்டாவது காலத் திருப்பச் சமச்சீர். அதே கோலத்தைப் போடும் கையை வீடியோ எடுத்துப் பின்னோக்கி ஓட்டுங்கள். சுழி இருக்கும் இடம் மாறாது. அது போடப்பட்ட திசை மட்டும் வலமிருந்து இடமாக மாறும். மின்னூட்டம் இடம் போன்றது, காலத்தைத் திருப்பினாலும் அப்படியே இருக்கும். ஸ்பின், அதாவது அணுவின் அந்தக் குட்டிக் காந்தம், கை சுற்றும் திசை போன்றது, திருப்பினால் எதிராகிவிடும்.

குரோமியம் ஆக்சைடில் அணுக்களின் இடங்களை மட்டும் பார்த்தால் மையச் சமச்சீர் இருக்கிறது. ஸ்பின்களையும் சேர்த்துப் பார்த்தால், மையத்துக்கு இந்தப் பக்கம் மேல்நோக்கிய ஸ்பின், அந்தப் பக்கம் கீழ்நோக்கிய ஸ்பின். ஒழுங்கு வந்ததும் மையச் சமச்சீர் போய்விடுகிறது, காலத் திருப்பமும் போய்விடுகிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் மட்டும் படிகம் பழையபடி வந்து நிற்கும். ஆல்ஃபாவுக்குக் கதவு திறப்பது அங்கேதான். ஸ்பின்களையும் சேர்த்துப் படிகங்களைச் சமச்சீர்படி வகைப்படுத்தினால் கிடைக்கும் காந்தப் புள்ளித் தொகுதிகள் மொத்தம் 122. அவற்றில் 58-இல் மட்டுமே இந்தக் கதவு திறந்திருக்கிறது.

படிகத்தில் இப்படி ஒன்று இருக்கலாம் என்று பியர் கியூரி 1894-இலேயே சமச்சீரை வைத்துச் சொன்னார். பெயர் வைத்தவர் டிபை, 1926-இல். எந்தப் பொருளில் தேட வேண்டும் என்று காட்டியவர் ஸியாலோஷின்ஸ்கி. 1959-இல் குரோமியம் ஆக்சைடின் பெயரையே சொல்லிவிட்டார். அடுத்த வருடமே அஸ்த்ரோவ் மின்புலம் கொடுத்துக் காந்தமாக்கத்தை அளந்தார். 1961-இல் ஃபோலன், ராடோ, ஸ்டால்டர் மூவரும் காந்தப்புலம் கொடுத்து மின்முனைவாக்கத்தை அளந்தார்கள். ஆக, சமச்சீரைப் படித்துவிட்டுத் தேடினால்தான் கிடைக்கும். எந்த மாதிரியைக் கையில் எடுத்தாலும் முதல் வேலை அதன் காந்த அமைப்பைப் படித்து, அதன் புள்ளித் தொகுதி எந்தெந்தத் திசையில் ஆல்ஃபாவை அனுமதிக்கிறது என்று தாளில் எழுதிக்கொள்வதுதான். சமச்சீர் அனுமதிக்காத திசையில் சிக்னல் வந்தால் முதலில் வயரிங்கைப் பாருங்கள்.

எந்தப் பொருள், எவ்வளவு குளிர்?

ஆரம்பத்துக்குக் குரோமியம் ஆக்சைடை விடச் சிறந்தது இல்லை. அச்சுத் திசையில் ஆல்ஃபாவின் உச்சம் மீட்டருக்குச் சுமார் 4 பிகோ நொடி. அது 260 கெல்வின் வாக்கில் வரும். அதற்குக் கீழே போகப் போகக் குறையும். காரணம் எளிது: அந்தத் திசையில் ஸ்பின்கள் காந்தப்புலத்துக்கு வளைந்து கொடுப்பது வெப்பத்தின் தயவால்தான். குளிர்ந்து இறுகிவிட்டால் அசைய மறுக்கும்.

மற்ற பெரும்பாலான பொருள்களுக்கு நிஜமான குளிர் வேண்டும். லித்தியம் கோபால்ட் பாஸ்பேட்டில் ஒழுங்கு 22 கெல்வினுக்குச் சற்றுக் கீழே வருகிறது. ஆல்ஃபா சுமார் 30 பிகோ நொடி. டெர்பியம் பாஸ்பேட்டில் 2.3 கெல்வினுக்குக் கீழே போனால் சுமார் 36 கிடைக்கும். டெர்பியம் போன்ற அருமண் அயனிகளின் ஸ்பின்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விசை மிகவும் பலவீனமானது. கொஞ்சம் வெப்பம் இருந்தாலும் அந்தப் பேச்சு கலைந்துவிடும், அதனால்தான் இவ்வளவு குளிர்.

இன்னொரு குடும்பம் டெர்பியம் மாங்கனேட் வகை. 42 கெல்வின் அருகே ஸ்பின்கள் அலைபோல ஒழுங்காகின்றன; 28 கெல்வினுக்குக் கீழே அந்த அலை ஒரு சுருளாக மாறுகிறது. சுருள் வந்ததும் காந்தப்புலமே இல்லாமல் மின்முனைவாக்கம் தோன்றிவிடுகிறது, அதுவும் சி அச்சுத் திசையில். பி அச்சில் சுமார் 5 டெஸ்லா கொடுத்தால் அது அப்படியே திரும்பி ஏ அச்சுக்குப் போகிறது. கிமுராவும் கூட்டாளிகளும் 2003-இல் இதை வெளியிட்ட பிறகுதான் இந்தத் துறைக்குப் புது உயிர் வந்தது. சுருள் வலம் சுற்றுகிறதா இடம் சுற்றுகிறதா என்பதுதான் முனைவாக்கத்தின் குறியைத் தீர்மானிக்கிறது.

குளிருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மின்கசிவு குறையும். அறை வெப்பநிலையில் ஓட்டைப் பானை மாதிரி ஒழுகும் பல ஆக்சைடுகள் 30 கெல்வினில் நல்ல காப்பானாகிவிடும்.

முதலில் கணக்கு

கருவியைத் தொடுவதற்கு முன் எவ்வளவு சிக்னல் வரும் என்று கணக்குப் போட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் கிரையோஸ்டாட்டில் (மாதிரியைக் குளிராக வைத்திருக்கும் கலனில்) மாதிரியை இறக்கும் மாணவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

1 டெஸ்லா என்பது மீட்டருக்குச் சுமார் 7,96,000 ஆம்பியர். குரோமியம் ஆக்சைடின் 4 பிகோ நொடியால் இதைப் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 3.2 மைக்ரோகூலும். மின்வாய்ப் பரப்பு 10 சதுர மில்லிமீட்டர் என்றால் மொத்த மின்னூட்டம் 32 பிகோகூலும். காந்தப்புலத்தை நொடிக்கு 0.01 டெஸ்லா என்று ஏற்றினால் 100 நொடியில் இது வந்து சேரும். அப்படியானால் மின்னோட்டம் 0.32 பிகோ ஆம்பியர். மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்கும் எலக்ட்ரோமீட்டர் இதைப் பார்க்கும், ஆனால் சுற்றி இருக்கிற எல்லாமும் ஒத்துழைத்தால்தான்.

டெர்பியம் மாங்கனேட் கதையே வேறு. முனைவாக்கம் சதுர மீட்டருக்கு 600 மைக்ரோகூலும் அளவில் இருக்கும். அதே பரப்பில் 6 நானோகூலும். நிமிடத்துக்கு 5 கெல்வின் வேகத்தில் 20 கெல்வின் தூரம் சூடேற்றினால் 240 நொடி. சராசரி 25 பிகோ ஆம்பியர். குரோமியம் ஆக்சைடோடு ஒப்பிட்டால் இது திருவிழாக் கூட்டம்.

இந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அளந்தது இதைப் போல நூறு மடங்கு வந்தால் சந்தோஷப்படாதீர்கள். பெரும்பாலும் கசிவுதான்.

மாதிரி தயாரிப்பு

ஒற்றைப் படிகம் கிடைத்தால் லாவே எக்ஸ்ரே படம் எடுத்துத் திசை பார்த்து, வைரக் கம்பி ரம்பத்தால் தகடாக அறுக்க வேண்டும். தடிமன் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர். இரு முகமும் இணையாக இருக்க வேண்டும். மெல்லிய தகடாக இருந்தால் குறைந்த வோல்ட்டில் அதிகப் புலம் கிடைக்கும், ஆனால் ரொம்ப மெலிந்தால் கையாளும்போதே உடையும்.

படிகம் இல்லாவிட்டால் வில்லை போதும். பொடியை அழுத்திச் சுட்ட வில்லையில் மணிகள் எல்லாத் திசையிலும் கிடக்குமே, ஒன்றையொன்று கழித்துவிடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஒவ்வொரு மணியும் தன் டொமைனை (ஸ்பின்கள் ஒரே மாதிரி வரிசை கட்டிய பகுதியை) நாம் கொடுக்கும் புலத்துக்கு ஏற்றபடி தேர்ந்துகொள்வதால் முழுவதும் கழிந்துவிடாது, ஒரு சராசரி மிஞ்சும். குரோமியம் ஆக்சைடுப் பொடியிலேயே 1963-இல் இதைக் காட்டிவிட்டார்கள். குரோமியம் ஆக்சைடைக் காற்றில் சுட்டு அடர்த்தியாக்குவது மட்டும் கடினம். உயர் வெப்பத்தில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து ஆவியாகப் போய்விடும். அந்த ஆவி நச்சு. உலை வெளியேற்றி இல்லாத அறையில் இதைச் செய்யவே கூடாது.

இரு முகத்திலும் சில்வர் பேஸ்ட் பூசுங்கள், அல்லது தங்கம் படியவையுங்கள். விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டராவது விட்டுப் பூச வேண்டும். விளிம்பு வரை பூசினால் பக்கச்சுவர் வழியாக மின்னோட்டம் ஊரும். மாதிரியின் ஒரு முகம் முழுவதையும் பசையால் ஒட்டிவிடாதீர்கள். குளிரும்போது பசையும் படிகமும் வேறு வேறு அளவில் சுருங்கி மாதிரியை முறுக்கும். ஒரு மூலையில் துளி வார்னிஷ் போதும்.

ஈரமும் கேபிளும்

இதில் நம் ஊருக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. ஜூன், ஜூலையில் இடவப்பாதி மழை கொட்டும்போது மாதிரியின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படரும். அதன் வழியாக ஓடும் மின்னோட்டம் நாம் தேடுவதைப் போல ஆயிரம் மடங்கு இருக்கலாம். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் கிழக்குக் காற்று வறண்டது. உதடு வெடிக்கும், துணி அரை மணியில் காயும். எலக்ட்ரோமீட்டர் வேலைக்கு அதுவே நல்ல காலம். மழைக்காலத்தில் செய்தே ஆக வேண்டும் என்றால் மாதிரியை வெற்றிடத்தில் 60, 70 டிகிரிக்குச் சூடேற்றி ஓரிரு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.

பிறகு மின்தடையைப் பாருங்கள். 100 வோல்ட் கொடுத்து, பத்து லட்சம் மெகா ஓம் அளவில் வந்தால் அருமை. அதில் நூறில் ஒரு பங்கு வந்தாலும் சமாளிக்கலாம். அதற்குக் கீழே என்றால் மாதிரியை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். கையால் தொட்ட இடத்தின் வியர்வைகூடக் கடத்தும்.

மூன்றடுக்குக் கேபிள்தான் வேண்டும். நடுக்கம்பிக்கும் வெளியுறைக்கும் நடுவே இருக்கும் காவல் உறையை நடுக்கம்பியின் மின்னழுத்தத்திலேயே வைத்தால் கசிவு ஓடுவதற்கு மின்னழுத்த வேறுபாடே இருக்காது. கேபிள் ஆடினால் உள்ளே உராய்வில் மின்னூட்டம் பிறக்கும். அதனால் டேப் போட்டு மேசையோடு ஒட்டிவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஏப்ரலில் இது பெரிய தண்டனை என்று தெரியும். ஆனாலும் நிறுத்துங்கள்.

குளிர்விப்பது

நம் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் வீட்டுக் குழந்தைகளுக்குத் திரவ நைட்ரஜன் புதிதல்ல. சினை ஊசி போட வருகிறவர் மூடியைத் திறந்ததும் புகை வழியும் கேன், அதுதான். 77 கெல்வின். திரவ ஹீலியம் 4.2 கெல்வின், அதன் மேலிருக்கும் ஆவியைப் பம்ப் வைத்து இழுத்தால் 2 கெல்வினுக்கும் கீழே போகலாம்.

பாதுகாப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. மூடிய அறையில் அது ஆக்சிஜனைத் தள்ளிவிடும். மூச்சுத் திணறுவதாகத் தோன்றாமலே மயக்கம் வரும். கஞ்சிக்கோட்டிலிருந்து கேனை வாங்கி, காரில் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு வருவது உயிருக்கு ஆபத்து. திறந்த வண்டியில்தான் கொண்டுவர வேண்டும். லிஃப்டில் கேன் தனியாகப் போகட்டும், ஆள் படியில் வரட்டும். கேன் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் இறுக்கி அடைக்காதீர்கள்.

வெப்பமானி மாதிரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிளாட்டினம் வெப்பமானி 30 கெல்வினுக்குக் கீழே மந்தமாகிவிடும். சிலிக்கான் டயோடு காந்தப்புலத்தில் தவறாகக் காட்டும். செர்னாக்ஸ் வகைதான் இரண்டுக்கும் தாங்கும். கம்பிகள் பாஸ்பர் வெண்கலமாக, ஜோடி ஜோடியாக முறுக்கியதாக இருக்கட்டும். செம்புக் கம்பி வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே அழைத்துவரும்.

இரண்டு புலமும் வைத்துக் குளிர்வித்தல்

வரிசை கட்டும்போது படிகத்துக்கு இரண்டு வழி இருக்கிறது: மேல், கீழ், மேல், கீழ், அல்லது கீழ், மேல், கீழ், மேல். இரண்டுக்கும் ஆற்றல் ஒன்றுதான். ஆனால் ஆல்ஃபாவின் குறி நேர் எதிர். சும்மா குளிரவிட்டால் பாதி இப்படியும் பாதி அப்படியும் நின்று, மொத்தச் சிக்னல் பூஜ்யமாகிவிடும்.

அதனால் நீல் வெப்பநிலைக்கு (ஸ்பின்கள் வரிசை கட்டத் தொடங்கும் எல்லைக்கு) மேலேயே மின்புலம், காந்தப்புலம் இரண்டையும் கொடுத்து, அவை இருக்கும்போதே எல்லையைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். இரண்டின் பெருக்கல் ஒரு வகை டொமைனுக்குச் சற்றுக் குறைந்த ஆற்றலைத் தரும். படிகம் அதையே தேர்ந்துகொள்ளும். சென்டிமீட்டருக்கு 5 முதல் 10 கிலோவோல்ட் மின்புலம், அரை அல்லது ஒரு டெஸ்லா காந்தப்புலம் வழக்கமானது. அரை மில்லிமீட்டர்த் தகட்டுக்கு 10 கிலோவோல்ட் என்றால் மேசையில் 500 வோல்ட். இங்கே ஓர் அபாயம்: மாதிரி அறையில் குறைந்த அழுத்தத்தில் ஹீலியம் வாயு இருந்தால் சில நூறு வோல்ட்டிலேயே மின்பொறி பறக்கும். ஒன்று நல்ல வெற்றிடம் வையுங்கள், அல்லது வாயுவை நிறைய வையுங்கள். இடைப்பட்ட நிலைதான் ஆபத்து.

சுருள் வகைப் பொருளுக்கு மின்புலம் மட்டும் போதும்.

அடிமட்ட வெப்பநிலைக்கு வந்ததும் மின்புலத்தை நிறுத்தி, இரு மின்வாயையும் குறுக்கே இணைத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். தேங்கிய மின்னூட்டம் வடியட்டும். மின்னோட்டம் 0.1 பிகோ ஆம்பியருக்குக் கீழே அடங்கும் வரை எதையும் தொடாதீர்கள்.

அளவு எடுப்பது

அப்புறம் உள்ளதெல்லாம் நேரான வேலை. வெப்பநிலையை நிலையாக வைத்துக் காந்தப்புலத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பதிவு செய்யுங்கள். நேரத்தோடு தொகையிட்டுப் பரப்பால் வகுத்தால் முனைவாக்கம். சுருள் வகை என்றால் சீரான வேகத்தில் சூடேற்றி, வரும் பைரோ மின்னோட்டத்தை (வெப்பநிலை மாறும்போது முனைவாக்கம் மாறுவதால் ஓடுவதை) தொகையிடுங்கள். முனைவாக்கம் மறைந்துபோகும் உயர் வெப்பநிலையைப் பூஜ்யமாக வைத்துப் பின்னோக்கி வரவேண்டும். மீகடத்திக் காந்தம் திரையில் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே கொஞ்சம் புலம் சிக்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பொய் சிக்னல்கள்

சில வருடம் முன்பு ஒரு மாங்கனேட் வில்லையில் அழகான மேடு ஒன்று கிடைத்தது. மின்புலத்தைத் திருப்பிக் குளிர்வித்தோம். மேடும் தலைகீழாகத் திரும்பியது. கேக் வாங்கி வெட்டிவிட்டோம். மூன்று வாரம் அதன் மேலேயே வேலை செய்தோம். பிறகு ஒரு மாணவி, சூடேற்றும் வேகத்தை இரண்டு மடங்காக்கிப் பார்க்கலாமா சார் என்று கேட்டாள். செய்தோம். மேடு சில கெல்வின் தள்ளிப் போய் உட்கார்ந்தது. நிஜமான நிலைமாற்றம் இடம் மாறாது. நாங்கள் பார்த்தது, குளிர்விக்கும்போது படிகக் குறைகளில் சிக்கிக்கொண்ட மின்னூட்டம் சூடேறும்போது விடுபடுவதைத்தான். அன்று அந்தப் பெண் கேட்ட கேள்வியை இப்போது எங்கள் ஆய்வகத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறோம்.

மின்புலத்தைத் திருப்பினால் சிக்னல் திரும்புகிறது என்பது ஆதாரமே அல்ல, ஏனென்றால் சிக்கிய மின்னூட்டமும் அப்படியேதான் திரும்பும். பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எனவே மூன்று சோதனை செய்யுங்கள். நிமிடத்துக்கு 2, 5, 10 கெல்வின் என்று வேகத்தை மாற்றுங்கள். மேட்டின் இடமும் தொகையிட்ட மின்னூட்டமும் மாறக் கூடாது. அடுத்து, சூடேற்றும் வழியில் நடுவே நின்று வெப்பநிலையைச் சற்று மேலும் கீழும் ஊஞ்சலாட்டுங்கள். பைரோ மின்னோட்டம் என்றால் ஏறும்போது ஒரு திசை, இறங்கும்போது எதிர்த்திசை. சிக்கிய மின்னூட்டம் விடுபடுவது ஒரே திசையில்தான் ஓடும். மூன்றாவது, மின்புலத்தை நிலைமாற்றத்துக்குக் கீழே வந்த பிறகு மட்டும் கொடுத்துப் பாருங்கள், அதற்கு மேலே மட்டும் கொடுத்தும் பாருங்கள்; மேலே மட்டும் கொடுத்தபோதும் மேடு வந்தால் அது சிக்கிய மின்னூட்டமாக இருக்கலாம்.

நேர்கோட்டு வகைக்கு இதை விட உறுதியான சோதனை ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு முறை குளிர்வியுங்கள். மின்புலம், காந்தப்புலம் இரண்டும் கூட்டல்; இரண்டும் கழித்தல்; மின்புலம் கூட்டல், காந்தப்புலம் கழித்தல்; அதன் எதிர்மாறு. முதல் இரண்டிலும் ஆல்ஃபா ஒரே குறியோடு வர வேண்டும். அடுத்த இரண்டிலும் எதிர்க்குறி. டொமைனைத் தீர்மானிப்பது இரண்டின் பெருக்கல் என்பதால் இப்படி. கசிவுக்கும் சிக்கிய மின்னூட்டத்துக்கும் குளிர்விக்கும்போது காந்தம் எந்தப் பக்கம் இருந்தது என்பது தெரியாது. அவை மின்புலத்தை மட்டுமே பின்தொடரும். காந்தத்தைத் திருப்பியும் குறி மாறவில்லையா? அது உங்கள் சிக்னல் இல்லை. நான்கு முறை குளிர்விக்க இரண்டு நாள் ஆகும், ஹீலியம் செலவாகும். அதற்காக இதைத் தவிர்க்காதீர்கள். இந்த நான்கு வரைபடமும் ஒரே தாளில் இல்லாத முடிவை நான் நம்புவதில்லை.

காந்தப்புலத்தை ஏற்றும் வேகத்தையும் மாற்றுங்கள். மின்னோட்டம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் மாற வேண்டும், மொத்த மின்னூட்டம் மாறக் கூடாது. கசிவு இதற்கு உடன்படாது. அது நேரத்தைத்தான் எண்ணும்.

அருமண் சேர்மங்களில் இன்னொன்று. சில கெல்வினில் காந்தப்புலத்தை வேகமாக ஏற்றினால் மாதிரியே சூடாகும். சூடானால் பைரோ மின்னோட்டம் வரும், அது காந்தமின் விளைவு போலவே வேஷம் போடும். கண்டுபிடிப்பது எளிது: புலத்தின் திசை எதுவானாலும் சூடாவது ஒன்றுதான், ஆகவே இந்தச் சிக்னல் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் ஒரே மாதிரி வரும். மெதுவாக ஏற்றினால் குறைந்தும் போகும்.

கடைசியாக, அதே வெப்பநிலையில் மின்காப்பு மாறிலியிலும் காந்தமாக்கத்திலும் ஒரு மாற்றம் தெரிகிறதா என்று பாருங்கள். மின்காப்பு மாறிலியின் மேடு அதிர்வெண்ணோடு நகர்ந்தால் அதுவும் சிக்கிய மின்னூட்டத்தின் வேலையாக இருக்கலாம்.

மாறுதிசைப் புலத்தில் அளப்பது

சிறிய சிக்னலுக்கு இது இன்னும் நல்ல வழி. இரட்டைச் சுருளில் 10 ஓர்ஸ்டெட் (ஒரு டெஸ்லாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குச் சிறிய மாறுதிசைக் காந்தப்புலம் கொடுத்து, அதே அதிர்வெண்ணில் வரும் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபையரால் படிக்கிறோம். மேலே கணக்குப் போட்ட அதே குரோமியம் ஆக்சைடு மாதிரி 1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 200 பிகோ ஆம்பியர் தரும். 0.32 எங்கே, 200 எங்கே!

தொல்லை ஒன்று உண்டு. மாதிரிக்குப் போகும் இரண்டு கம்பிகள் ஒரு வளையமாகிவிடும். மாறும் காந்தப்புலம் அதில் மின்னழுத்தத்தைத் தூண்டும். அதற்கும் நிஜச் சிக்னலுக்கும் நடுவே கட்டத்தில் 90 பாகை வித்தியாசம் இருப்பதால் பிரித்துவிடலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். நடைமுறையில் கிரையோஸ்டாட்டின் உலோகச் சுவரில் சுழல் மின்னோட்டம் பிறந்து புலத்தின் கட்டத்தையே நகர்த்திவிடும். மாதிரி இருக்கும் இடத்தில் ஒரு குட்டிச் சுருளை வைத்து உண்மையான கட்டத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். பிறகு டொமைனைத் திருப்புங்கள். திரும்புவது சிக்னல், திரும்பாதது கம்பி.

எங்கே செய்வது?

குரோமியம் ஆக்சைடை அளக்கக் கல்லூரி ஆய்வகமே போதும். ஹால் விளைவுப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் மின்காந்தம், ஒரு எலக்ட்ரோமீட்டர், ஐஸும் திரவ நைட்ரஜன் ஆவியும். ஹீலியம் வேண்டும் என்றால் வெளியே போகத்தான் வேண்டும். பல்கலைக்கழக, கல்லூரி ஆய்வாளர்களுக்காகவே யுஜிசி-டிஏஇ கூட்டமைப்பு இருக்கிறது. அதன் தலைமையகம் இந்தூரில், நமக்குப் பக்கமான மையம் கல்பாக்கத்தில். என்ன அளக்கப் போகிறோம், ஏன் என்று எழுதி விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கை அந்த விண்ணப்பத்தில் போடுங்கள். பாலக்காட்டில் 2015-இல் தொடங்கிய ஐஐடி நம் எல்லைப் பிள்ளைகளுக்குப் பஸ் ஏறிப் போகும் தூரம்தான்; அதே வருடம் திருப்பதியில் தொடங்கிய ஐசரும் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது. அங்கே இருக்கும் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதத் தயங்காதீர்கள். போகும்போது மின்வாய் பூசிய மாதிரிகள் மூன்று, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில். ஒன்று நிச்சயம் உடையும்.

அளவு முடிந்ததும் அவசரப்பட்டு மாதிரியை வெளியே எடுக்கக் கூடாது. இரு மின்வாயையும் குறுக்கே இணைத்துவிட்டு, அறை வெப்பநிலைக்கும் ஐந்து டிகிரி மேலே போகும் வரை காத்திருங்கள். குளிர்ந்த மாதிரியை மழைக்கால அறையில் திறந்தால் ஒரே நிமிடத்தில் வியர்த்துவிடும், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து உலர்த்த வேண்டியிருக்கும். இரவு பத்து மணிக்கு முடிந்தால் ஹீட்டரை மெதுவாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். காலையில் வந்து திறக்கலாம்.